கூழ்க் கிண்ணம் கைதவறிய விவகாரம்

திண்டிவனம்
4.8.2025

அன்பு மருமகள் எலிசாவுக்கு, உன் தாய்மாமன் எழுதிக்கொண்டது.

கடிதத்தின் தலையில் ‘இயேசு மரி சூசை’ போடவில்லையே என்று தேடுவாய். வேண்டுமென்றேதான் போடவில்லை. மூன்று பேரோடும் எனக்கு இப்போது பேச்சு இல்லை.

நீ என் நம்பரை பிளாக் செய்து பதினெட்டு நாள் ஆகிறது. தபால்காரரை பிளாக் செய்ய முடியாது என்பதால் இந்தக் கடிதம். இன்னொரு காரணமும் உண்டு. பாண்டி ஆஸ்பத்திரியில் பானுப்ரியா என்று ஒரு பெண், நோயாளிகளின் மனசைச் சரிபண்ணுகிற வேலை. கோபம் வருவது சகஜம் அங்கிள், அடக்காதீர்கள், யாருக்காவது கடிதமாக எழுதுங்கள் என்றாள். வயசு இருபத்தைந்துகூட இருக்காது. சளி பிடித்தாலே அம்மாவைக் கூப்பிடுகிற முகம். அவள் எனக்குக் கோபத்தைப் பற்றிப் பாடம் எடுக்கிறாள். எட்டாம் வகுப்பில் நான் பள்ளிக்கூடத்தை உதறியபோது ஹெட்மாஸ்டர் சைக்கிளில் துரத்தி வந்து கையெடுத்துக் கும்பிட்டார். அப்போதே திரும்பிப் பார்க்காதவன் நான்.

கட்டியைப் பற்றிச் சொல்கிறேன். தொண்டைக்குள் கேமரா விட்ட பெரிய டாக்டர் இரண்டு நிமிஷம் அசையாமல் நின்றார். பிறகு கதவைத் திறந்து ஆறு டாக்டர்களைக் கூப்பிட்டார். ஆறு பேரும் வரிசையில் நின்று பார்த்தார்கள். என் சர்வீசிலேயே இப்படி ஒரு கட்டியைக் கண்டதில்லை என்று இங்கிலீஷில் சொன்னார். எனக்குப் புரியாது என்று நினைப்பு.

விஷயம் இதுதான். குரல்வளையை மொத்தமாக எடுத்துவிட வேண்டுமாம். கழுத்தில் ஒரு ஓட்டை போட்டு, இனி மூச்சு அதன் வழியாகவாம். பேச்சு கிடையாது. செஞ்சி முதல் மரக்காணம் வரை மைக்கில் கேட்ட குரல் இது. மந்திரி கூட்டத்தில் கரண்ட் போனபோது வெறும் தொண்டையால் கடைசி வரிசை வரைக்கும் பேசி, ஓடின ஜனத்தைத் திரும்ப உட்கார வைத்தவன் நான். அதை வெட்டி வாளியில் போடப்போகிறார்கள்.

கோபம் வராமல் என்ன வரும்? ஒரு பீடி தொட்டதில்லை. ஒரு சொட்டு சாராயம் மோந்ததில்லை. என் மைக் செட் வண்டியை ஓட்டுகிற தமிழ்மணி தினம் மூன்று கட்டு பீடி ஊதுகிறான். அவன் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு என்னைப் பார்க்க வருகிறான். மேல் காகிதம் கிழித்த பாட்டில். “கடவுளு யாரை ரொம்ப நேசிக்கிறாரோ அவங்களைத்தான் சோதிப்பாருண்ணே” என்றான். “அப்ப உன்னை அவருக்குச் சுத்தமா ஆவாது போல” என்றேன். போய்விட்டான். பக்கத்துத் தெரு பிரபாவதி டீச்சர் வந்து, இதே கேன்சர் யாருக்கோ வந்து பப்பாளி இலைச் சாற்றில் கரைந்துவிட்டது என்றார். அவர் இப்போது எங்கே என்று கேட்டேன். யோசித்தார். செத்துப்போய்விட்டாராம், ஆனால் கேன்சரால் இல்லையாம்.

ஆபரேஷன் செப்டம்பர் பத்து. இருபது நாள் கூடவே தங்கவும் தாள்களில் கையெழுத்துப் போடவும் வீட்டு ஆள் ஒருவர் வேண்டும். இல்லாவிட்டால் கட்டிலை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். தள்ளிப்போட்டால் கட்டி காத்திருக்காது என்றார் டாக்டர். அதை மட்டும் தமிழில் சொன்னார்.

உன் அத்தை அமல்ராணி கிளியனூரில் தன் தம்பி வீட்டில் போய் உட்கார்ந்திருக்கிறாள். உன்னிடம் என்னென்ன சொன்னாளோ. நடந்தது இதுதான். நான் கேப்பைக் கூழ் குடித்துக்கொண்டிருந்தேன். பங்குச் சாமியாரும் அவருக்கு ஒத்தாசை செய்கிற கோயில் உபதேசியாரும் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குள் வந்தார்கள். மரியாதைக்கு எழுந்தேன். கிண்ணம் கைதவறியது. அதற்கு ஒரு பெண்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவாளா? ஆகவே நீ லீவு போட்டுவிட்டு வந்து சேர். எங்களுக்கு உன்னை விட்டால் பிள்ளை யார்?

இப்படிக்கு,
உன் தாய்மாமன்,
‘மைக்’ ஞானராஜ்,
உரிமையாளர், ஞானராஜ் சவுண்ட் சர்வீஸ்.

*

விழுப்புரம்
9.8.2025

மாமாவுக்கு,

கைதவறிய கிண்ணம் கீழே விழும். எட்டு அடி பறந்து உபதேசியாரின் சட்டையில் விழாது. நான் கணக்கு டீச்சர், மாமா.

அந்த ஆறு பேரும் டாக்டர்கள் இல்லை. படிக்கிற பிள்ளைகள். உங்களுக்கு முன்னால் போனவருடைய தொண்டையையும் அவர்கள்தான் வரிசையில் நின்று பார்த்தார்கள். அந்த அறையில் நான் உங்கள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். உங்கள் கதையில் நான் இல்லை. பரவாயில்லை, பழகிவிட்டது.

பீடி தொட்டதில்லை என்பது உண்மை. முப்பது வருஷமாகக் கன்னத்தில் அடக்கி வைத்திருந்த புகையிலை உருண்டையை என்னவென்று சொல்வது? அதற்காகக்கூட நான் உங்களைக் கோபிக்கவில்லை. பொங்கலுக்கே உங்கள் குரல் கட்டிவிட்டது. அத்தை தினமும் கேட்டார். சென்னையில் பெரிய ஸ்பெஷலிஸ்டைப் பார்த்தேன், வைட்டமின் குறைச்சல் என்றார் என்று சொன்னீர்கள். அந்த ஸ்பெஷலிஸ்டுக்கு வெளிநாட்டுப் பட்டம், அவர் வீட்டு நாய்க்கு ஏ.சி. அறை. இவ்வளவும் சொன்னீர்கள். அப்படி ஒரு டாக்டரே இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போனது ஜூலையில். ஆறு மாதம், மாமா. அந்த ஆறு மாதத்தில்தான் குரலைக் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் என்னிடம் சொன்னார்.

ஜூலை 17 அன்று ஸ்கேன் அறை வாசலில் நாற்பது பேர் முன்னால் நீங்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “எங்க அக்கா பெத்துப் போட்டுட்டுப் போனதை நான் தூக்கி வளர்த்தேன், இன்னைக்கு அது எனக்குப் புத்தி சொல்லுது.” அத்தையைக் கூட்டிவரச் சொன்னதற்கு இந்தப் பதில். அன்று மாலை வாட்ஸ்அப்பில் பதினொரு நிமிஷம் குசுகுசுவென்று திட்டி அனுப்பியதையும் முழுதாகக் கேட்டேன். பிறகுதான் பிளாக் செய்தேன்.

என்னைத் தூக்கி வளர்த்தது அத்தை. நீங்கள் அப்போது ஊர் ஊராக மைக் பிடித்துக்கொண்டிருந்தீர்கள்.

நான் வரமாட்டேன். வீட்டு ஆள் வேண்டும் என்றால் வீட்டு ஆளிடம் போய்க் கேளுங்கள். திண்டிவனத்தில் பாண்டி பஸ் ஏறினால் கிளியனூர் வழியில்தான் இருக்கிறது.

எலிசா

*

திண்டிவனம்
16.8.2025

எலிசா டீச்சர் அம்மாளுக்கு,

மரியாதையான கடிதம். கெடார் பள்ளிக்கூடத்தில் உன்னிடம் கணக்குப் படிக்கிற பிள்ளைகளின் நிலைமையை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

உன் தயவு எனக்கு வேண்டாம். புதன்கிழமை தமிழ்மணியை என் கூடப்பிறந்த தம்பி என்று சொல்லி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். வழியெல்லாம் சொல்லிக் கொடுத்தேன். அவனுக்கு மண்டையில் ஏறுகிற சங்கதி பீடிப் புகை ஒன்றுதான். நர்ஸ் ‘தம்பிதானே’ என்று கேட்டதும் தலையை ஆட்டினான். அப்பா பேர் என்ன என்று கேட்டாள். அவனுடைய அப்பா பேரைச் சொல்லிவிட்டான். எங்கள் அப்பா சவரிமுத்து. இவன் சொன்னது ஏழுமலை. நர்ஸ் என்னை மேலும் கீழும் பார்த்தாள். எங்கள் அப்பாவுக்கு இரண்டு பெயர், பெரிய மனுஷர்களுக்கெல்லாம் அப்படித்தான் என்று சமாளிக்கப் பார்த்தேன். என் தொண்டையில் வந்தது காற்று மட்டும். பக்கத்தில் நின்றவளுக்குக்கூட அது கேட்கவில்லை. அவளைத் திட்டினேன். அதுவும் கேட்கவில்லை. மேஜையைத் தட்டினேன். அது கேட்டது. செக்யூரிட்டி வந்தான்.

அந்தப் பானுப்ரியா வந்து, கோபம் வந்தால் மூச்சை உள்ளே இழுத்து நாலு எண்ணி விடுங்கள் என்றாள். அம்மாடி, இன்னும் கொஞ்ச நாளில் மூச்சே வேறு ஓட்டை வழியாக வரப்போகிறது, எந்த ஓட்டையில் எண்ணுவது என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள். படித்த படிப்பு அவ்வளவுதான்.

கிளியனூர் வழியில்தான் இருக்கிறதா? எனக்குத் தெரியாதா? இந்த ஒரு மாதத்தில் ஏழு தடவை அந்த நிறுத்தத்தைத் தாண்டிப் போய் வந்துவிட்டேன். கண்டக்டர் கிளியனூர் என்று கத்தும்போது நான் வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வேன்.

நீ கிண்ணத்தை மட்டும் பார்க்கிறாய். அவள் செய்ததைப் பார். எனக்குப் பன்னிரண்டு வயசில் எங்கள் அப்பாவுக்குக் காய்ச்சல். ஒரு காலையில் சாமியார் வந்து அவருக்கு அவஸ்தை பூசினார். நெற்றியிலும் கையிலும் அந்த எண்ணெய். சாயங்காலம் அப்பா இல்லை. எங்கள் தெருவில் அந்த எண்ணெய் எந்த வீட்டுக்குப் போனாலும் மறுநாள் அந்த வீட்டு வாசலில் பந்தல் போட்டார்கள். பிற்காலத்தில் அந்தப் பந்தலுக்கெல்லாம் மைக் கட்டியவனே நான்தான். நான் உயிரோடு உட்கார்ந்து கூழ் குடித்துக்கொண்டிருக்கிறேன். அதே எண்ணெய்ச் சிமிழைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேர் வருகிறார்கள். யார் வரச் சொன்னது என்று பார்த்தால், பின்னாலேயே மெழுகுவத்தியோடு உன் அத்தை. தலையில் முக்காடு வேறு.

கட்டின பெண்டாட்டியே என்னை முடித்துவிட்டாள். அவளிடம் போய் நான் கையெழுத்துக் கேட்க வேண்டுமா? அதற்குக் கட்டி வளர்ந்து தானாக வெடிக்கட்டும்.

இப்படிக்கு,
இன்னும் சாகாத,
ஞானராஜ்.

*

விழுப்புரம்
22.8.2025

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இவ்வளவு வருஷம் பூசைக்கு மைக் கட்டியிருக்கிறீர்கள். ஒரு பூசையிலாவது மைக்கில் என்ன சொன்னார்கள் என்று கேட்டிருக்கிறீர்களா?

அந்தக் காலத்தில் உயிர் போகிற கட்டத்தில்தான் சாமியாரைக் கூப்பிட்டார்கள். அதனால் அவஸ்தை பூசுதல் என்றார்கள். இப்போது அதன் பெயர் நோயில் பூசுதல். பெரிய ஆபரேஷன் என்றால் முன்கூட்டியே பூசிக்கொள்கிறார்கள். பிழைத்து எழுந்து வரத்தான் பூசுகிறார்கள். நம் பங்கில் இந்த நாலைந்து வருஷத்தில் இருபது பேருக்காவது பூசியிருப்பார்கள். பாதிப் பேர் உங்கள் தெருவிலேயே நடமாடுகிறார்கள்.

அதில் ஒருவர் அத்தை.

உங்களுக்கு இது தெரியாது என்பது இந்தக் கடிதத்தைப் படித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. நாலு வருஷத்துக்கு முன்பு அத்தைக்குக் கர்ப்பப்பை எடுத்தார்களே, அதற்கு முந்தின நாள் சாமியார் வீட்டுக்கு வந்து பூசினார். அத்தை கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மெழுகுவத்தியை நான் பிடித்திருந்தேன். என் விரலில் மெழுகு கொட்டியது. அத்தை சிரித்தார். நீங்கள் அன்று கண்டாச்சிபுரத்தில் கபடிப் போட்டிக்கு அறிவிப்பாளர். மூன்று நாள் போட்டி. ஆபரேஷன் முடிந்து நாலாம் நாள் வந்தீர்கள். வந்து கட்டில் ஓரம் உட்கார்ந்து, இறுதிப் போட்டியில் நீங்கள் பேசின பேச்சை ஒரு மணி நேரம் சொல்லிக் காட்டினீர்கள். தையல் பிரியாமல் சிரிக்க அத்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அந்த எண்ணெய் பூசியதால்தான் எழுந்து நடந்தேன் என்று அத்தை நம்புகிறார். அதை உங்களுக்குக் கொண்டுவந்தார். நீங்கள் கூழை வீசினீர்கள்.

உங்களுக்குக் கோபம் வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்த இடத்தில் நான் இருந்தால் எனக்கும் வரும். ஆனால் அதை யார் மேல் கொட்டினாலும் துடைத்தது ஒருவர்தான். இப்போது துடைக்க ஆள் இல்லை. அதுதான் உங்கள் கஷ்டம், கேன்சர் அதற்குப் பிறகுதான்.

செப்டம்பர் பத்துக்கு இன்னும் பத்தொன்பது நாள். கிளியனூருக்குப் போங்கள். பிரசங்கம் வேண்டாம். செய்ததைச் செய்தேன் என்று சொல்லுங்கள். அத்தை வர ஒப்புக்கொண்டால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கு மாற்றாக நான் வந்து இருப்பேன். இதற்குப் பதில் எழுத வேண்டியதில்லை. போய் வந்த பிறகு எழுதுங்கள்.

எலிசா

*

திண்டிவனம்
1.9.2025

அன்பு எலிசாவுக்கு,

கிளியனூர் போய் வந்தேன். என்னைப் பார்த்ததும் டிரைவரே வண்டியை அணைத்துவிட்டு, “மைக் அண்ணன் இறங்குறாரு, வழி விடுங்க” என்று குரல் கொடுத்தார். டீக்கடையில் எல்லாரும் எழுந்து நின்றார்கள். உன் அத்தை தெரு முனை வரைக்கும் ஓடி வந்தாள். அழுத அழுகையில் முந்தானை நனைந்து பிழிகிற பதத்துக்கு வந்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு

மேலே உள்ளதை விட்டுவிடு. தாளைக் கிழிக்கலாம் என்று பார்த்தேன், நோட்டில் இதுதான் கடைசித் தாள். நடந்தது இது.

முதல் நடையில் நான் இறங்கவில்லை. கண்டக்டர் கத்தினார், எழுந்தேன், திரும்ப உட்கார்ந்துவிட்டேன். பாண்டி வரைக்கும் போய், பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடித்துவிட்டு, வருகிற வண்டியில் வந்து இறங்கினேன். யாரும் எழுந்து நிற்கவில்லை. நான் யாரென்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை.

அவள் வீட்டு முன்னால் சாக்கை விரித்து மல்லாட்டைத் தோடு உடைத்துக் கடலை பிரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். கை நிற்கவில்லை. நான் வேலிப் படலுக்கு வெளியே நின்றே பேச ஆரம்பித்தேன். காற்றுதான் வந்தது. அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் கிட்டே போனேன். அப்போதும் கேட்கவில்லை. கடைசியில் அந்தச் சாக்கிலேயே, அவள் முழங்கால் இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்தேன். நான் யாரிடமும் அவ்வளவு கிட்டே உட்கார்ந்து பேசினதில்லை. எனக்கு எப்போதும் நடுவில் ஒரு மைக் இருக்கும்.

“கிண்ணம் கைதவறல. நான்தான் வீசினேன்” என்றேன்.

“அது எனக்குத் தெரியாதா? உபதேசியாரு மூணு வாட்டி சட்டையைத் துவைச்சாரு.”

“உனக்கும் அந்த எண்ணெய் பூசுனாங்கன்னு எனக்குத் தெரியாது.”

“நீங்க கேக்கல.”

அப்பா செத்ததைச் சொன்னேன். அதை அவள் முப்பத்திரண்டு வருஷத்தில் கேட்டதில்லையாம். இத்தனை கதை சொன்னவர் இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். அதில் நான் பெரிய ஆளாக எந்த இடத்திலும் வரவில்லை என்பதுதான் காரணம். அதைச் சொல்லவில்லை. அவளாகப் புரிந்துகொண்டிருப்பாள்.

அப்புறம் சென்னை ஸ்பெஷலிஸ்டையும் சொன்னேன். அதற்குத்தான் அவள் கை நின்றது. நான் இவ்வளவு நாளாக மற்றவர்களைப் பார்த்த மாதிரி என்னைப் பார்த்தாள், தமிழ்மணியையும் அந்த நர்ஸையும் பார்த்த மாதிரி. அந்தப் பார்வையை வாங்கிக்கொள்வது இப்படித்தான் இருக்குமா, எலிசா?

“அந்த டாக்டரு வூட்டு நாய்க்கு ஏ.சி. ரூமுன்னு சொன்னீங்களே. நான் அதைப் பக்கத்து வூட்ல போய் பெருமையா சொல்லிக்கினு இருந்தேன்” என்றாள்.

நான் எழுந்திருக்கப் பார்த்தேன். அவள் முறத்தை என் பக்கம் தள்ளினாள். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் உடைத்தோம். சாயங்கால பஸ்ஸுக்கு நான் கிளம்பும்போது சொன்னாள்: “ஒம்பதாம் தேதி வர்றேன். கையெழுத்து போடறேன், இருபது நாளும் இருக்கறேன். பேச மாட்டேன். பேசுன்னு கேக்கக் கூடாது.”

சரி என்றேன். திரும்புகிற பஸ்ஸில் சில்லறைக்காகக் கண்டக்டரோடு சண்டை போட்டேன். கோபம் எங்கேயும் போகவில்லை என்பதை உனக்குத் தெரிவித்துக்கொள்கிறேன்.

உன் மாமன்,
ஞானராஜ்

*

பாண்டி ஆஸ்பத்திரி
19.9.2025

அன்பு எலிசாவுக்கு,

போன ஞாயிறு நீ வந்தபோது நான் பாதி மயக்கத்தில் இருந்தேன். அதனால் இதை எழுதுகிறேன்.

குரல் போய்விட்டது. எங்கே போட்டார்கள் என்று கேட்டு எழுதிக் காட்டினேன். டாக்டர் என் தோளைத் தட்டினார். தோளைத் தட்டுகிற ஆட்களை எனக்குப் பிடிக்காது. கழுத்து ஓட்டையில் ஒரு குழாய், மூக்கில் ஒரு குழாய். இருமினால் கழுத்து இருமுகிறது. எதிர்க் கட்டில்காரருக்கு நாக்கில் ஆபரேஷன். அவரைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஆரஞ்சுப் பழம் கொண்டுவருகிறார்கள். நாக்கே இல்லாதவருக்கு ஆரஞ்சு. உலகத்தில் புத்திசாலிகள் அவ்வளவுதான். ஒன்பதாம் தேதி சாமியார் வந்து எனக்கும் பூசினார். நெற்றியிலும் கையிலும். பன்னிரண்டு வயசிலிருந்து பயந்த எண்ணெய் அது. கிட்டத்தில் பார்த்தால் ஒரு வாசனைகூட இல்லை.

உன் அத்தை சொன்ன சொல் தவறவில்லை. பேசவே இல்லை. துடைக்கிறாள், குழாயில் கஞ்சி ஊற்றுகிறாள், படுக்கையைத் தட்டிப் போடுகிறாள், ஒரு வார்த்தை கிடையாது. எனக்கும் பேச்சு கிடையாது. அந்தப் பானுப்ரியா எங்களைப் பக்கத்துக் கட்டில்காரர்களிடம் காட்டி, எவ்வளவு அமைதியான ஜோடி பாருங்கள் என்றாள். நான் எழுதி அழிக்கிற பலகையைத் தூக்கி அவள் மேல் எறியலாம் போல வந்தது. உன் அத்தை என் முகத்தைப் பார்த்தே பலகையை எடுத்துத் தள்ளி வைத்துவிட்டாள்.

நேற்றுக் காலை கழுத்துக் கட்டைப் பிரித்துச் சுத்தம் செய்தார்கள். நர்ஸ் முடித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். உன் அத்தை பின்னாலிருந்து, “வலிக்குதா?” என்றாள்.

என்ன எழுதியிருப்பேன் என்று உனக்குத் தெரியும். எனக்கா வலி, மயக்க மருந்தே இல்லாமல் செய்யச் சொன்னேன், டாக்டர்தான் பயந்துவிட்டார் என்று எழுதக் கையில் வரிகள் தயாராக இருந்தன. பலகையை வாங்கினேன். ஆமாம் என்று எழுதினேன்.

அவள் அதைப் படித்தாள். அழிக்கவில்லை. பலகையை அப்படியே எடுத்துக்கொண்டு, வார்டைத் தாண்டி நர்ஸிடம் காட்டப் போனாள்.

மாமா